எப்போதும்வென்றானைச் சுற்றி எளிய நடைவழிகள்

மதுரையிலிருந்து தூத்துக்குடிக்குப் போகும் தேசிய நெடுஞ்சாலை, எட்டயபுரம் தாண்டியதும் கீழஈரால், எப்போதும்வென்றான், குறுக்குச்சாலை என்று ஊர்களைத் தொட்டுக்கொண்டு கடற்கரை நோக்கிச் செல்கிறது. எப்போதும்வென்றானை நடுவாக வைத்துக்கொண்டால், வடக்கே எட்டயபுரமும், மேற்கே கோவில்பட்டி, கழுகுமலை, குருமலையும், தெற்கே ஓட்டப்பிடாரம், பாஞ்சாலங்குறிச்சியும், அதற்கும் தெற்கே வல்லநாடும் காலையில் புறப்பட்டு மாலைக்குள் திரும்பிவிடும் தொலைவில் இருக்கின்றன. மலை, காடு, நீர்நிலை மூன்றும் இந்த வட்டாரத்தில் உண்டு. மூன்றுமே சிறியவை. மலை என்றால் ஒரு மணி நேரத்தில் ஏறிவிடக்கூடிய பாறைக்குன்று. காடு என்றால் முட்காடு. நீர்நிலை என்றால் மழைக்கு நிறைந்து கோடைக்கு வற்றும் கண்மாய்.

மலைநாட்டு நடைவழிகளில் கடினத்தைத் தீர்மானிப்பது ஏற்றம். கரிசல் நாட்டில் அதைத் தீர்மானிப்பவை தரையும் மாதமும். மாசியில் குழந்தைகளும் நடக்கக்கூடிய வண்டிப்பாதை கார்த்திகையில் பெரியவர்களுக்கே ஆகாது. அதே பாதையில் சித்திரை நண்பகலில் இறங்குவது உடலுக்கு ஆபத்து. எனவே இந்த அத்தியாயம் முதலில் தரையையும் பருவத்தையும் சொல்லி, பிறகு வழிகளுக்கு வருகிறது.

தரை வகைகள்

கரிசல் மண் நுண்ணிய களிமண். ஈரம் பட்டால் உப்பும். காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். ஒரு நல்ல மழை பெய்த மறுநாள் கரிசலில் கால் வைத்தால், முதல் சில அடிகளிலேயே செருப்பின் அடியில் மண் ஒட்டத் தொடங்கும். ஒட்டிய மண்ணில் அடுத்த அடியின் மண் ஒட்டும். பத்து இருபது அடிக்குள் செருப்பு பல மடங்கு கனத்துவிடும், வார் அறும். உள்ளூர்க்காரர்கள் இந்த நாள்களில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடப்பார்கள். டிராக்டர்கூடச் சில இடங்களில் புதைந்து நின்றுவிடும். மழைக்குப் பின் வெயில் அடித்து மேல்மண் பொருபொருவென்று ஆகும்வரை கரிசல் பாதையைத் தவிர்க்க வேண்டும்.

காய்ந்த கரிசலுக்கு வேறொரு சிக்கல் உண்டு. பங்குனி தொடங்கி ஆடி ஆவணிவரை தரிசுகளில் வெடிப்பு விட்டிருக்கும். சில வெடிப்புகளில் பாதம் நுழைந்துவிடும். மேலே காய்ந்த தட்டையும் சருகும் மூடியிருந்தால் தெரியாது. கணுக்கால் பிசகுவது பெரும்பாலும் இப்படித்தான். வண்டித்தடத்தை விட்டு விலகாமல் நடப்பதே இதற்கு வழி.

செவல் மண்ணும் சரளும் நடப்பதற்கு உகந்தவை. தண்ணீரை விரைவில் உறிஞ்சிவிடுவதால், மழை விட்ட சில மணி நேரத்தில் செவல் தரை நடக்கத் தயாராகிவிடும். கோவில்பட்டிக்கு மேற்கேயும் குன்றுகளின் அடிவாரங்களிலும் செவல் கூடுதலாகத் தென்படும். பாறை மழைக்குப் பின் வழுக்கும். வெயில் ஏறியபின் சுடும். ஓடை மணலில் நடை மெதுவாகும். சமதளத்தில் மணிக்கு 4 கி.மீ. நடப்பவர் மணலில் அதில் பாதிதான் நடக்க முடியும்.

பருவம்

இந்த வட்டாரத்தின் மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் பெய்கிறது. புரட்டாசியில் மானாவாரி விதைப்பு நடக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பயிர் எழும்பும். மழை நின்ற பிறகும் கரிசல் தன்னுள் தேக்கி வைத்த ஈரத்தைக் கொண்டே உளுந்தும் பாசிப்பயறும் சோளமும் கம்பும் மக்காச்சோளமும் விளையும். மார்கழியின் பிற்பகுதியிலிருந்து மாசிவரை அறுவடை. பருத்தியும் மிளகாயும் அதற்குப் பிறகும் நிற்கும்.

நடைக்கு ஏற்ற காலம் மார்கழி நடுவிலிருந்து மாசி முடியும்வரை. அப்போது தரை இறுகியிருக்கும், பயிர் பச்சையாக இருக்கும், கண்மாய்களில் தண்ணீர் கிடக்கும், வலசைப் பறவைகள் வந்திருக்கும். காலைப் பனியும் உண்டு. பங்குனி முதல் ஆவணிவரை காலை 6 மணிக்குத் தொடங்கி 9 மணிக்குள் முடித்துவிட வேண்டும். ஆனி, ஆடி மாதங்களில் மேற்கிலிருந்து வீசும் காற்று பலமானது. கயத்தாறு வட்டாரத்தில் காற்றாலைகள் வரிசை வரிசையாக நிற்பதற்கு அந்தக் காற்றே காரணம். அந்த மாதங்களில் திறந்த பொட்டலில் புழுதி கண்ணில் விழும். தொப்பி நிற்காது, துண்டுதான் நிற்கும்.

ஆயத்தம்

தடித்த அடிப்பாகம் உள்ள மூடிய காலணி இன்றியமையாதது. சீமைக்கருவேல முள் மெல்லிய ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு பாதத்தில் ஏறிவிடும். உடை மரத்தின் நீண்ட வெள்ளை முள்ளும் அப்படியே. முழுக்கால் சட்டை நெருஞ்சியிலிருந்தும் புல் முள்ளிலிருந்தும் காக்கும். தலைக்குப் பருத்தித் துண்டு, ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர், ஒரு கைத்தடி, முள் எடுக்க ஊசியும் இடுக்கியும், ஒரு விசில், முழுதாக மின்னேற்றிய கைபேசி ஆகியவை போதும். கோடையில் தண்ணீரோடு மோரும் உப்பும் சேர வேண்டும்.

வழியில் கடைகள் குறைவு. நெடுஞ்சாலை ஊர்களில் காலை 6 மணிக்கே தேநீர்க் கடைகள் திறந்துவிடும். கையில் கொண்டுபோக ஏற்றது கடலைமிட்டாய். கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வெயிலில் கெடாது, பசிக்கும் தாங்கும். கோடையில் சாலையோரம் நுங்கும் பதநீரும் கம்மங்கூழும் கிடைக்கும்.

வழி 1: எப்போதும்வென்றான் நீர்த்தேக்கக் கரை

*தரை: மண் கரை, சமதளம். நேரம்: போய்த் திரும்ப ஒன்றரை முதல் 2 மணி. ஏற்ற காலம்: மார்கழி முதல் மாசிவரை.*

ஓடையை மறித்துக் கட்டிய எப்போதும்வென்றான் நீர்த்தேக்கம் மானாவாரிப் பகுதிக்கு நடுவே கொஞ்சம் நஞ்சைக்கு வழி செய்கிறது. நீளமான மண் கரையின் மேல் நடப்பதே இந்த வழி. ஏற்றம் என்று சொல்ல ஒன்றுமில்லை. சிறுவர்களுக்கும் முதியவர்களுக்கும் பொருந்தும். காலையில் சூரியன் முதுகுப்புறம் இருக்குமாறு கரையின் கிழக்கு ஓரத்திலிருந்து தொடங்கினால் பறவைகள் தெளிவாகத் தெரியும்.

கரையின் ஒரு பக்கம் உள்வாய். மறுபக்கம் பாசன வயல். உள்வாயின் விளிம்பில் கருவேல மரங்கள் தண்ணீரில் நிற்கும். இவ்வட்டாரக் கண்மாய்களில் பொதுவாகக் காணக்கூடியவை நீர்க்காகம், முக்குளிப்பான், நாமக்கோழி, நத்தைகுத்தி நாரை, அரிவாள் மூக்கன், புள்ளிமூக்கு வாத்து ஆகியவை. ஐப்பசியில் தண்ணீர் ஏறும்போது பறவை குறைவாகவே இருக்கும். தை மாசியில் தண்ணீர் பின்வாங்கிச் சேறு வெளிப்படும்போதுதான் உள்ளான்களும் நெடுங்காலுள்ளான்களும் விளிம்பில் இரை தேடும். கரையிலிருந்து இறங்கிச் சேற்றுக்குப் போனால் பறவையும் பறக்கும், காலும் புதையும். இரண்டுக்கும் இடம் கொடுக்காமல் கரைமேட்டிலிருந்தே பார்க்கலாம்.

மழை பொய்த்த ஆண்டில் நீர்த்தேக்கம் வெறும் பொட்டலாகக் கிடக்கும். புறப்படுமுன் ஊரில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. மறுகால் பாயும் நாள்களில் மறுகாலின் குறுக்கே நடக்கக் கூடாது. பாசி படிந்த சிமெண்ட் தளம் முழங்கால் தண்ணீரிலேயே ஆளைத் தள்ளிவிடும். பெருமழைக் காலத்தில் மண் கரைகளின் பக்கமே போகக் கூடாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டத்தில் பெய்த மழையில், காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. பதிவானது, மாவட்டம் முழுவதும் பல குளங்களின் கரைகள் உடைந்தன.

ஊரின் சோலைசாமி கோயில் திருவிழாவையொட்டி மாட்டு வண்டிப் பந்தயம் நடப்பதுண்டு. பந்தயம் நடக்கும் காலைகளில் சாலையில் நடையைத் தவிர்த்து, ஓரத்தில் நின்று பந்தயத்தைப் பார்ப்பதே முறை.

வழி 2: கரிசல் வண்டிப்பாதை

*தரை: கரிசல், இடையிடையே ஓடை மணல். நேரம்: ஒரு மணி நேரம் போய், அதே வழியில் திரும்புதல். ஏற்ற காலம்: தை, மாசி.*

எப்போதும்வென்றானிலிருந்து கீழஈரால் பக்கமும் குறுக்குச்சாலைப் பக்கமும் நெடுஞ்சாலையை விட்டு உள்ளே இறங்கும் வண்டிப்பாதைகள் பல. இவற்றுக்கென்று பெயர்ப்பலகையோ அம்புக்குறியோ கிடையாது. நெடுஞ்சாலைப் பக்கத்துக் காற்றாலை, கைபேசிக் கோபுரம், கோயில் கோபுரம் என ஏதேனும் ஒன்றை அடையாளமாக வைத்துக்கொண்டு, ஒரு மணி நேரம் ஒரே தடத்தில் நேராகப் போய் அப்படியே திரும்புவது பாதுகாப்பான முறை. குறுக்கே வெட்டி வேறு வழியில் திரும்ப நினைத்தால் வேலியும் ஓடையும் வழி மறிக்கும்.

தையில் இந்தப் பாதையின் இருபுறமும் பயிர் மாறிமாறி வரும்: ஒரு புஞ்சையில் முற்றிய சோளம், அடுத்ததில் பூத்த கொத்தமல்லி, அதற்கடுத்து வெடிக்கத் தொடங்கிய பருத்தி. பொழிகளில் பனையும் வேம்பும் மஞ்சணத்தியும் நிற்கும். கம்பிகளில் பனங்காடையும் கரிச்சானும் உட்கார்ந்திருக்கும்; பயிருக்குள்ளிருந்து கௌதாரி கூவும்; மயில்கள் எண்ணிக்கையில் மிகுதி. பனிக்காலத்தில் வடக்கிலிருந்து வலசை வரும் பூனைப்பருந்துகளும் கரிசல் வெளிக்கு வருபவை. நீண்ட சிறகை லேசாக மேல்நோக்கி விரித்து, பயிருக்கு மேல் ஆளுயரத்தில் இப்படியும் அப்படியும் சாய்ந்து பறக்கும் பருந்தைக் கண்டால் அது அநேகமாகப் பூனைப்பருந்துதான்.

அறுவடை முடிந்த காடுகளில் (புஞ்சையையும் இங்கு காடு என்பது வழக்கு) ஆட்டுக்கிடை போட்டிருப்பார்கள். பல நூறு ஆடுகளை இரவில் வலைக்குள் அடைத்து, அவற்றின் புழுக்கையும் மூத்திரமும் நிலத்துக்கு உரமாகும்படி செய்வது கிடை. இரவுக்கு இரவு வலையை நகர்த்தி நிலம் முழுவதும் உரமேற்றுவார்கள். அதிகாலையில் கிடையை நெருங்கும்போது ஆட்டை விட நாயைக் கவனிக்க வேண்டும். கிடைக்காரரான கீதாரிக்குக் குரல் கொடுத்து, அவர் நாயை அதட்டிய பிறகே தாண்ட வேண்டும். ஓடக் கூடாது, கைத்தடியை ஓங்கவும் கூடாது.

இந்த வழியின் பெரிய ஆபத்து தரைமட்டக் கிணறு. கைப்பிடிச் சுவர் இல்லாமல், விளிம்பில் புல்லும் சீமைக்கருவேலமும் மூடி, வெட்டிய நாளிலிருந்து அப்படியே கிடக்கும் பழைய கிணறுகள் புஞ்சைகளுக்கு நடுவே உண்டு. இருட்டில் இந்தப் பாதையில் நடப்பது கூடவே கூடாது.

வழி 3: எட்டயபுரம் ஊர்ச்சுற்று

*தரை: தார்ச்சாலை, தெரு. நேரம்: 2 மணி. ஏற்ற காலம்: எப்போதும், மழை நாளுக்கு மிக ஏற்றது.*

கரிசலில் இறங்க முடியாத ஈர நாள்களுக்கு எட்டயபுரம் சரியான மாற்று. பாரதியார் 1882 டிசம்பர் 11இல் பிறந்த வீடு நினைவில்லமாக இருக்கிறது. அங்கிருந்து பாரதி மணிமண்டபம் நடக்கும் தொலைவு. கல்கியின் முயற்சியில் திரட்டிய பொதுமக்கள் நன்கொடையில் எழுந்த இம்மண்டபம் 1947இல் திறக்கப்பட்டது. சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரின் அடக்கத்தலமும், 1835இல் இவ்வூரில் மறைந்த முத்துசுவாமி தீட்சிதரின் நினைவிடமும் இதே ஊரில் உள்ளன. மூன்று மரபுகளைச் சேர்ந்த மூவரின் இடங்களையும் ஒரே காலையில் நடந்தே பார்த்துவிடலாம். இடையில் ஜமீன் அரண்மனைப் பகுதியின் பழைய தெருக்கள் வரும்.

வழி 4: கழுகுமலை

*தரை: படிக்கட்டும் பாறையும். நேரம்: 2 முதல் 3 மணி. ஏற்ற காலம்: ஐப்பசி முதல் மாசிவரை, மழை பெய்யாத நாள்; கோடையில் விடியலில் மட்டும்.*

கோவில்பட்டியிலிருந்து சங்கரன்கோவில் போகும் சாலையில் சுமார் 20 கி.மீ. தொலைவில் கழுகுமலை. பேருந்து அடிக்கடி உண்டு. வட்டாரத்தின் வழிகளில் இதுவே மிகச் செறிவானது. ஒற்றைப் பாறைக்குன்று சமவெளியிலிருந்து தனியாக எழுந்து நிற்கிறது. அடிவாரத்தில் குடைவரையாக அமைந்த கழுகாசலமூர்த்தி கோயில். மலைமேல் பாண்டியர் காலத்து வெட்டுவான் கோயிலும் சமணச் சிற்பங்களும். உச்சியில் பிள்ளையார் கோயில். சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் காவடிச்சிந்து பாடியது இந்த முருகன்மேல்தான்.

ஊரிலிருந்து படிகளில் ஏறினால் முதலில் வருவது வெட்டுவான் கோயில். கோயிலைக் கட்டவில்லை, பாறையை மேலிருந்து கீழாக வெட்டி, சுற்றிலும் அகழி போலக் குடைந்து, நடுவில் நின்ற பாறையை விமானமாகச் செதுக்கினார்கள். 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று கணிக்கிறார்கள். மேலே சிகரமும் அதன் சிற்பங்களும் முழுமை பெற்றிருக்க, கீழே போகப் போக வேலை முடியாமல் நிற்கிறது. முதலில் அகழியின் விளிம்பிலிருந்து சுற்றி வந்து விமானத்தைக் கண்மட்டத்தில் பார்த்துவிட்டு, பிறகு கீழே இறங்குவது நல்ல வரிசை. அப்படிப் பார்த்தால், பாறையைச் செதுக்கிக்கொண்டே இறங்கிய சிற்பிகளின் வேலை வரிசையும் புரியும். தெற்கு முகத்தில் தட்சிணாமூர்த்தி மிருதங்கம் வாசிக்கும் கோலத்தில் உட்கார்ந்திருக்கிறார். விரல்கள் தோலில் படிந்திருப்பதும், தலை சற்றே சாய்ந்திருப்பதும் காலை வெயில் பக்கவாட்டில் விழும்போது நன்கு தெரியும். மேற்கே நரசிம்மரும் வடக்கே பிரம்மாவும் உள்ளனர்.

அடுத்து சமணப்பள்ளி. பாறை முகத்தில் வரிசை வரிசையாகத் தீர்த்தங்கரர் உருவங்கள். அவற்றுக்கு நடுவே பெரிய அளவில் பார்சுவநாதர், பாகுபலி, அம்பிகை. பல உருவங்களின் கீழே வட்டெழுத்தில் சிறு கல்வெட்டுகள். அந்த உருவத்தைச் செய்வித்தவர் யார், எந்த ஊர் என்று அவை சொல்கின்றன. ஆசிரியர்களின் மாணாக்கர்கள், குரத்தியார் எனப்பட்ட பெண் துறவியர், குயவர், தச்சர் எனப் பலரும் அவற்றில் வருகிறார்கள். இது பாதுகாக்கப்பட்ட சின்னம். சிற்பங்களைத் தொடுவதும், எழுத்தின்மேல் சுண்ணாம்புக்கட்டி தேய்த்துப் படிப்பதும் குற்றம்.

சமணப்பள்ளிக்கு மேலே உச்சிவரை பாறைச் சரிவு. பாறையில் வெட்டிய கால்குழிகள் உதவும். செருப்பு வழுக்கினால் கழற்றிவிட்டு ஏறலாம். ஆனால் காலை 9 மணிக்கு மேல் வெறுங்காலில் பாறை தாங்காது. உச்சியிலிருந்து நாலாபுறமும் சமவெளி. மழைக்குப் பின் தெளிந்த நாளில் மேற்கே மலைத்தொடர் நீலமாகத் தெரியும். மலை ஏற முடியாதவர்கள் அடிவாரத்தைச் சுற்றிக் கிரிவலம் போகலாம். பௌர்ணமி மாலைகளில் அந்தப் பாதையில் துணைக்கு ஆள் இருக்கும்.

வழி 5: குருமலை அடிவாரம்

*தரை: செவல், சரள். நேரம்: 2 மணி. ஏற்ற காலம்: கார்த்திகை முதல் மாசிவரை.*

கோவில்பட்டிக்குத் தெற்கே உள்ள குருமலை, வட்டாரத்தில் காடு என்று சொல்லத்தக்க சில இடங்களில் ஒன்று. மலையும் சரிவும் காப்புக்காடு. புள்ளிமான்கள் இங்கு வாழ்கின்றன. பயிர்க் காலத்தில் இரவில் இறங்கிச் சுற்றுப்புறப் புஞ்சைகளை மேய்ந்துவிடுவதால் விவசாயிகளுக்கு இவற்றால் தொல்லை உண்டு. மூலிகைகளுக்கும் பெயர் பெற்ற மலை இது.

காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழையக் கூடாது. ஆனால் அடிவாரத்து ஊர்களை இணைக்கும் சாலையும் செவல் பாதைகளும் பொதுவழி. மலையை ஒரு பக்கமாக வைத்துக்கொண்டு இவற்றில் நடப்பதே பரிந்துரைக்கத்தக்கது. விடியலிலும் அந்தியிலும் மான் கூட்டம் காட்டு விளிம்பில் நிற்பதைப் பார்க்க வாய்ப்புண்டு. நாயைக் கூட்டிக்கொண்டு போகக் கூடாது. நாய் துரத்திய மான் சாலையில் பாய்ந்து வாகனத்தில் அடிபடும், அல்லது கிணற்றில் விழும்.

கோவில்பட்டிக்கே திரும்புபவர்கள் ஊருக்குள்ளிருக்கும் சொர்ணமலை கதிரேசன் கோயிலுக்கும் ஏறலாம். சிறு குன்று; மாலை நடைக்கு ஏற்றது. கி. ராஜநாராயணன், கு. அழகிரிசாமி இருவரும் பிறந்த இடைசெவல், கோவில்பட்டியிலிருந்து கயத்தாறு போகும் வழியில் இருக்கிறது.

வழி 6: ஓட்டப்பிடாரம் – பாஞ்சாலங்குறிச்சி

*தரை: தார்ச்சாலை, ஓரத்தில் மண் தடம். நேரம்: ஒரு வழி சுமார் ஒரு மணி. ஏற்ற காலம்: மார்கழி முதல் மாசிவரை, மற்ற மாதங்களில் காலை மட்டும்.*

குறுக்குச்சாலையில் பிரிந்து போனால் ஓட்டப்பிடாரம். வ.உ.சிதம்பரனார் 1872 செப்டம்பர் 5இல் பிறந்த ஊர். அவருடைய வீடு நினைவில்லமாக உள்ளது. அங்கிருந்து பாஞ்சாலங்குறிச்சிக்கு நடந்து போகலாம். சாலை சமதளமானது, நிழல் குறைவு.

பாஞ்சாலங்குறிச்சியில் இன்று நிற்கும் கோட்டை 1974இல் எழுப்பிய நினைவுக்கோட்டை. கட்டபொம்மன் காலத்துக் கோட்டை மண் கோட்டை. 1799இல் அவர் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட பிறகு கோட்டை இடிக்கப்பட்டது; 1801இல் அவர் தம்பி ஊமைத்துரையின் ஆட்கள் அதை மறுபடியும் எழுப்பி, அந்த ஆண்டு மே மாதம் வரை தாக்குப்பிடித்தார்கள். பழைய கோட்டையின் எச்சங்கள் வேலியிட்ட மேடாக அருகிலேயே உள்ளன. வீரசக்கதேவி கோயில், போரில் இறந்த ஆங்கிலேயரின் கல்லறைகள் ஆகியவற்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு மணி நேரம் ஆகும். திரும்புவதற்குப் பேருந்து நேரத்தை முன்பே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

வழி 7: வல்லநாடு வெளிமான் சரணாலயம்

*தரை: சரள், பாறை, முட்காடு. நேரம்: வனத்துறை அனுமதிக்கும் அளவு. ஏற்ற காலம்: கார்த்திகை முதல் மாசிவரை.*

திருநெல்வேலி–தூத்துக்குடி சாலையில், திருநெல்வேலியிலிருந்து சுமார் 20 கி.மீ. தொலைவில் இந்தச் சரணாலயம் உள்ளது. பரப்பு 16.41 ச.கி.மீ.; அறிவிக்கப்பட்ட ஆண்டு 1987. இந்தியாவில் வெளிமான் இயற்கையாக வாழும் இடங்களில் தென்கோடியில் இருப்பது இதுவே. தாழ்ந்த குன்றும் அதைச் சுற்றிய குடைவேல் முட்காடும் வெளிமானின் இருப்பிடம்.

ஆண் வெளிமானுக்குத் திருகிய நீண்ட கொம்பு. முதுகு கரும்பழுப்பு, வயிறு வெள்ளை. பெண்ணும் குட்டியும் இளம்பழுப்பு. ஆபத்தை உணர்ந்தால் கூட்டமே ஒன்றன்பின் ஒன்றாகத் துள்ளித் துள்ளிப் பாயும். வெளிர்நிற உடை, தாழ்ந்த குரல், இருநோக்கி ஆகியவை இங்கு உதவும். வனப் பணியாளரோடு மட்டுமே உள்ளே போக வேண்டும்.

அனுமதி

2018 மார்ச் 11இல் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் மலையேறிகள் பலர் உயிரிழந்தனர். அதன்பின் தமிழக அரசு மலையேற்றத்தை முறைப்படுத்தும் விதிகளைக் கொண்டுவந்தது. காப்புக்காடு, சரணாலயம், புலிகள் காப்பகம் எதுவானாலும் வனத்துறையின் முன் அனுமதியின்றி நுழைவது சட்டப்படி குற்றம். 2024 அக்டோபரில் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் 40 வழிகள் எளிது, மிதம், கடினம் எனப் பிரிக்கப்பட்டு, இணையத்தில் முன்பதிவு செய்து வழிகாட்டியோடு செல்ல ஏற்பாடு உள்ளது. கரிசல் வட்டாரத்திலிருந்து பசுமைக்காட்டு நடைக்குப் போக விரும்புவோருக்கு விருதுநகர், தென்காசி, திருநெல்வேலி மாவட்ட வழிகள் அருகில் உள்ளவை. காட்டுத்தீ அபாயம் மிகுந்த கோடை மாதங்களில் இவை மூடப்படுவதுண்டு.

வழி 1, 2, 3, 4, 6 ஆகியவற்றுக்கு வனத்துறை அனுமதி தேவையில்லை. வழி 5இல் சாலையில் நிற்கும்வரை தேவையில்லை. வழி 7க்குத் தேவை.

ஆபத்துகளும் முதலுதவியும்

பாம்பு: நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கும் இங்கு உண்டு. கற்குவியல், எலிவளை, அறுத்துப் போட்ட தட்டைக் கட்டு ஆகியவற்றில் கை வைக்கக் கூடாது. கடித்தால் கட்டுப் போடுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து, மோதிரம், கொலுசு போன்றவற்றைக் கழற்றி, 108ஐ அழைத்து, நேராக அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். கோவில்பட்டி அரசு மருத்துவமனையும் தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் அருகில் உள்ள பெரியவை. பாம்பைத் தேடி அடிப்பதில் நேரத்தை வீணாக்கக் கூடாது.

வெயில்: தலைசுற்றல், வாந்தி, வேர்வை நின்று தோல் சுடுதல், பேச்சுக் குழறல் ஆகியவை வெயில் தாக்கியதன் அறிகுறிகள். ஆளை நிழலில் கிடத்தி, உடையைத் தளர்த்தி, ஈரத் துணியால் உடலை நனைத்து விசிற வேண்டும். நினைவு தவறினால் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

இடி: ஐப்பசி மாலைகளில் இடிமழை திடீரெனக் கட்டும். திறந்த காட்டில் ஒற்றைப் பனையடியில் ஒதுங்குவது உயிருக்கு ஆபத்து. கட்டடமோ மூடிய வாகனமோ கிடைக்காவிட்டால், தாழ்ந்த இடத்தில் கால்களைச் சேர்த்துக் குத்தவைத்து உட்கார வேண்டும். ஓடைக்குள் இறங்கக் கூடாது. மேற்கே பெய்த மழை, இங்கு வெயில் அடிக்கும்போதே ஓடையில் வெள்ளமாக வரும்.

ஊர்வழக்கம்

புஞ்சைக்குள் போகும் வண்டிப்பாதைகளில் பல, பட்டா நிலத்தின் ஊடாகப் போகின்றன. காட்டில் வேலை செய்பவர்களைக் கண்டால், “ஐயா, இந்தப் பாதையில போகலாமா?” என்று ஒரு வார்த்தை கேட்பது மரியாதை, வழியும் கிடைக்கும், கிணறு எங்கே என்ற தகவலும் கிடைக்கும். விளைந்த காட்டில் ஒரு கதிரைக்கூடப் பறிக்கக் கூடாது. களத்தில் காயும் தானியத்தை மிதிக்கக் கூடாது. கோயில் காடுகளிலும் சாமி பீடங்களின் முன்னும் செருப்பைக் கழற்ற வேண்டும். பெண்கள் வேலை செய்யும் இடங்களிலும் ஊருணிப் படிகளிலும் படம் எடுக்குமுன் அனுமதி கேட்க வேண்டும். பிளாஸ்டிக் குப்பையை வீசிவிட்டு வருவது கூடாது. மேயும் ஆடுமாடுகள் அதைத் தின்றுவிடும்.

மாதவாரியாக வழித் தேர்வு

புரட்டாசி: விதைப்புக் காலம். உழுத காட்டில் இறங்காமல் வழி 3, 4, 6.

ஐப்பசி, கார்த்திகை: மழைக்காலம். மழை நாளில் வழி 3. மழை விட்டு ஒரு நாள் கழித்து வழி 4. கார்த்திகையில் செவல் காய்ந்தபின் வழி 5. கரிசலும் கண்மாய்க் கரையும் வேண்டாம்.

மார்கழி முதல் மாசிவரை: எல்லா வழிகளும்; வழி 2 மட்டும் தையிலிருந்து. ஒரே நாள் இருந்தால் காலையில் வழி 1, மாலையில் வழி 3. இரண்டு நாள் இருந்தால் இரண்டாம் நாள் விடியலில் வழி 4, மாலையில் வழி 5. மூன்றாம் நாளுக்கு வழி 2 அல்லது 6.

பங்குனி முதல் ஆவணிவரை: விடியற்காலையில் வழி 4, அல்லது வழி 6. பாதையில் நிழல் இல்லை என்று கணக்கிட்டே தண்ணீர் எடுத்துக்கொள்ள வேண்டும். காலை 9 மணிக்குள் கூரைக்கடியில் இருக்க வேண்டும்.